‘வீட்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க!’

2024 ஆகஸ்ட் மாதக் கடைசி. பஞ்சாபின் லூதியானாவில் 82 வயதுப் பெரியவர் ஒருவர் திரைக்கு முன் அமர்ந்து ‘உச்ச நீதிமன்ற’ விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். உலகம் தெரியாதவர் இல்லை. வர்த்தமான் என்ற பெரும் ஜவுளிக் குழுமத்தின் தலைவர், பத்மபூஷண் விருது பெற்ற எஸ்.பி. ஓஸ்வால். பணப் பரிமாற்ற மோசடி வழக்கு ஒன்றில் அவர் பெயர் இருப்பதாக, சிபிஐ அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் முதலில் பேசினார்கள். முத்திரை குத்திய ஆணை ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. பிறகு ஸ்கைப்பில் நீதிமன்றம் கூடியது. பேசுபவர் அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் என்றார்கள். முகம் தெரியவில்லை. குரல் கேட்டது, சுத்தியல் தட்டும் சத்தமும் கேட்டது. நம் நாட்டு நீதிபதிகள் சுத்தியல் தட்டித் தீர்ப்புச் சொல்வதில்லை. அது சினிமாவில் பார்த்துப் பழகியது. ஆனால், ‘உள்ளே தள்ளிவிடுவோம்’ என்ற மிரட்டல் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது அதை எண்ணிப் பார்க்கிற நிதானம் யாருக்கு வரும்?

இரண்டு நாள் கேமராவை அணைக்க விடவில்லை. தூக்கத்தில்கூடக் கண்காணிப்பு. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது கட்டளை. ஏழு கோடி ரூபாய் கைவிட்டுப் போனது. கடைசியில் தன் நிறுவனத்து மூத்த அலுவலர் ஒருவரிடம் நடந்ததை அவர் சொல்லப்போய்த்தான் இது மோசடி என்பது வெளிப்பட்டது. போலீஸுக்குப் புகார் போனது, குவாஹாட்டியில் இரண்டு பேர் பிடிபட்டார்கள், ஐந்தேகால் கோடி ரூபாய் மீண்டது.

இந்தச் சம்பவத்தில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அந்தக் கட்டளையைப் பற்றித்தான். போலி ஆணை, போலி நீதிமன்றம், போலி நீதிபதி எல்லாமே அந்த ஒரு கட்டளைக்கு முட்டுக் கொடுக்க நிறுத்தப்பட்டவை. பக்கத்தில் இருக்கும் இன்னொரு மனிதரிடம் அவர் பேசிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மின்வாரியக் குறுஞ்செய்தி, பார்சல் மிரட்டல், பங்குச்சந்தை வாட்ஸ்அப் குழு, கடன் செயலி என்று இன்று தமிழ்நாட்டுக் கைப்பேசிகளில் வந்து விழும் மோசடிகள் வேஷத்தில் வேறுபடலாம். ஆனால் எல்லாவற்றுக்குள்ளும் இதே தந்திரம் இருக்கிறது. உங்களை அவசரப்படுத்துவார்கள், தனிமைப்படுத்துவார்கள், பிறகு பணத்தைக் கேட்பார்கள்.

2023-இல் இணையவழி மோசடியில் இந்தியர்கள் இழந்தது 7,465 கோடி ரூபாய் என்றும், 2024-இல் அது 22,845 கோடியாக உயர்ந்தது என்றும் மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. இவை புகாராகப் பதிவானவை மட்டும். வெட்கப்பட்டு வாய் மூடிக்கொண்டவர்களின் பணம் இந்தக் கணக்கில் வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒன்று நம் சட்டப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. பிரதமரே 2024 அக்டோபரில் தன் வானொலி உரையில் இதை எடுத்துச் சொன்னார். காவல்துறை அன்றாடம் சொல்கிறது. இருந்தும் ஏமாறுகிறவர்கள் குறையவில்லை. ‘இல்லை’ என்று மட்டும் சொன்னால் போதாது, நிஜமான கைது எப்படி நடக்கும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா சட்டப்படி, ஒருவர் சொல்லாலோ செயலாலோ தானே பணிந்துவிட்டால் ஒழிய, கைது செய்யும் அதிகாரி அவர் உடலைத் தொட்டோ தடுத்து வைத்தோதான் கைது செய்ய முடியும். அதிகாரி தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தவர் ஒருவரிடமோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரிடமோ சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லியாக வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த பாதுகாப்புகள் இவை. காவல் நிலையக் கொட்டடிகளில் செத்துப்போன ஏழைகளுக்காக எழுதப்பட்ட அந்தத் தீர்ப்பு, இன்று வீடியோ அழைப்பில் நடுங்கிக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் கவசமாக நிற்கிறது. கைதானால் வீட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்குச் சொன்னால் கைது என்று மிரட்டுகிறவன் போலீஸாக இருக்கவே முடியாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். விசாரணைக்கு நேரில் வரச் சொல்லிக் காவல்துறை இதே சட்டத்தின்படி அனுப்பும் 35-ஆவது பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப் மூலம் கொடுக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதே ஆண்டு இறுதியில், ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதி தங்கள் சேமிப்பைப் பறிகொடுத்ததைச் சொன்னபோது நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. டிஜிட்டல் அரெஸ்ட் மோசடிகளை சிபிஐ விசாரிக்கவும் ஆணையிட்டது. தன் பெயரிலேயே போலி ஆணைகள் சுற்றுவதைக் கண்டு நீதிமன்றம் கொதித்ததில் நியாயம் இருக்கிறது.

இரவு ஒன்பதரை மணிக்கு கரண்ட் கட்

தமிழ்நாட்டில் பலரும் பார்த்திருக்கும் குறுஞ்செய்தி இது: போன மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் அலுவலரை அழையுங்கள். 2022 வாக்கில் இது ஊரெல்லாம் சுற்றியது. இன்றும் ஓயவில்லை.

கொஞ்சம் நிதானமாகப் படித்தால் இதன் சாயம் வெளுத்துவிடும். நம் ஊரில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ‘போன மாத பில்’ என்ற ஒன்றே பெரும்பாலான வீடுகளில் கிடையாது. கட்டத் தவறியவர் வீட்டில் ஃபியூஸைப் பிடுங்குவது லைன்மேன், அதுவும் பட்டப்பகலில் நேரில் வந்து. ராத்திரி ஒன்பதரைக்கு ஆளில்லாமல் யாரும் துண்டிப்பதில்லை. செய்தியில் உங்கள் பெயரோ இணைப்பு எண்ணோ இருக்காது. வடக்கே மாதந்தோறும் பில் போடும் மாநிலத்துக்காக எழுதிய செய்தியை அப்படியே நமக்கும் தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஆனால் வீட்டில் உடம்புக்கு முடியாத அம்மாவோ, மறுநாள் பரீட்சை எழுதப்போகும் பிள்ளையோ இருந்தால் ‘துண்டிப்பு’ என்ற சொல்லைத் தாண்டி கண் நகராது. அதற்காகத்தான் இரவு நேரத்தைக் குறிப்பிடுகிறார்கள். மின்வாரிய அலுவலகம் பூட்டியிருக்கும், கேட்க ஆள் இருக்காது.

அழைத்தால் மறுமுனை மிகவும் மரியாதையாகப் பேசும். “பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க சார், அப்டேட் ஆயிடும்” என்பார்கள். அதற்கு முன் எனிடெஸ்க், குயிக்சப்போர்ட் மாதிரி ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். உங்கள் திரையை இன்னொருவர் தூரத்திலிருந்து பார்க்க உதவும் செயலிகள் இவை. கணினி பழுது பார்ப்பவர்களுக்காக உருவானவை. அதைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து ரூபாய் கட்டினால், நீங்கள் தட்டும் ரகசிய எண் அவர்கள் கண்ணில் படுகிறது. மீதி அவர்கள் வேலை.

இந்த ஒரு செய்தியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மற்றதையும் பிரிக்கலாம். உங்கள் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் சிக்கியது, உங்கள் சிம் இரண்டு மணி நேரத்தில் முடக்கப்படும், கேஒய்சி முடிக்காததால் வங்கிக் கணக்கு நிறுத்தப்படுகிறது, போக்குவரத்து அபராதம் பாக்கி. ஒவ்வொன்றிலும் ஒரு அலுவலகத்தின் பெயர், ஒரு கெடு, அழைக்க ஒரு எண் அல்லது தட்ட ஒரு லிங்க் இருக்கும். அந்த எண்ணையும் லிங்க்கையும் தொடாமல் விட்டாலே பாதி ஆபத்து கழிந்தது. சந்தேகம் தீரவில்லையா? பழைய மின்கட்டண ரசீதில், வங்கிப் பாஸ்புக்கில், ஏடிஎம் கார்டின் பின்புறத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்து நீங்களே கூப்பிடுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணை நம்ப வேண்டாம். அங்கேயும் போலி எண்களை விதைத்து வைத்திருக்கிறார்கள்.

கல்யாணப் பத்திரிகையில் வந்த கள்ளன்

எனக்கு மிகவும் கவலை தருவது ஏபிகே கோப்புகள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவ உதவும் கோப்பு இது. ப்ளே ஸ்டோரைத் தவிர்த்துவிட்டு நேரே நிறுவலாம் என்பதால் திருடர்களுக்குத் தோதாகிவிட்டது. கல்யாண அழைப்பிதழ், ஆர்டிஓ சலான், பிஎம் கிசான் என்று ஏதோ ஒரு பெயரில் வாட்ஸ்அப்பில் வரும். அதைவிடக் கொடுமை, தெரியாத எண்ணிலிருந்து வரும் என்ற விதி இங்கே பொருந்தாது. சித்தப்பா எண்ணிலிருந்து வரும், பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வரும். ஏனென்றால் அவர்கள் கைப்பேசி ஏற்கெனவே திருடர் வலையில் விழுந்துவிட்டது. அதிலிருந்து அவர்களுடைய தொடர்பில் உள்ள எல்லோருக்கும் கோப்பு தானாகப் போகிறது. முகூர்த்த மாதத்தில் பத்திரிகை வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

நிறுவியதும் அது குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும். ‘அனுமதி’, ‘அனுமதி’ என்று தட்டிக்கொண்டே போவது நம் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். அதன்பின் வங்கியிலிருந்து வரும் ஓடிபி உங்கள் கைக்கு வரும் அதே நொடியில் அவர்கள் கைக்கும் போகிறது. ‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்ற அறிவுரையை உயிராகக் கடைப்பிடித்தவரும் இங்கே பணத்தை இழக்கிறார், ஏனென்றால் அவர் சொல்லவே இல்லை. செயலியின் சின்னம்கூடத் திரையிலிருந்து மறைந்துவிடும்.

அழைப்பிதழ் என்பது படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வீடியோவாகவோ வரும். செயலியாக எந்தக் கல்யாண வீட்டாரும் அனுப்புவதில்லை. கோப்பின் பெயர் முடியும் இடத்தில் ஏபிகே என்ற மூன்று எழுத்து இருந்தால் அனுப்பியவரை வாட்ஸ்அப்பில் கேட்காமல், போனில் கூப்பிட்டுக் கேளுங்கள். தவறித் தட்டிவிட்டால் உடனே இணையத்தைத் துண்டித்து ஏர்ப்ளேன் மோடில் போட்டுவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கையும் கார்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு தெரிந்தவரிடம் கொடுத்து ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுவதே பாதுகாப்பு. புகைப்படங்கள் போகுமே என்று தயங்கி அதே கைப்பேசியில் மறுபடியும் வங்கிச் செயலியைத் திறக்காதீர்கள்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: கூரியர்காரர் பெயரில் பேசி, நட்சத்திரக் குறியோடு 401 அல்லது 21 என்று தொடங்கும் ஒரு எண்ணை டயல் செய்யச் சொல்வது. அப்படிச் செய்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்கள் எண்ணுக்குத் திரும்பிவிடும். அதன்பின் ஓடிபியைக் குரலில் சொல்லும் அழைப்பும் அங்கேதான் போகும்.

உண்மைச் செய்திக்கும் சில அடையாளங்கள் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025-இல் கொண்டுவந்த விதிப்படி, நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸின் அனுப்புநர் பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். ஜி என்றால் அரசு, டி என்றால் பணப் பரிமாற்றம், எஸ் என்றால் சேவை, பி என்றால் விளம்பரம். பத்து இலக்க எண்ணிலிருந்து ‘வங்கி’ அனுப்பும் எஸ்எம்எஸ் வங்கியுடையது அன்று. வங்கிகள் வாடிக்கையாளரை அழைப்பதற்கு 1600-இல் தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. வங்கிகளின் இணையதளங்கள் எல்லாம் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு விதித்தது. இந்தப் பெயரை வங்கிகளுக்கு மட்டுமே தருகிறார்கள். இணைய முகவரியையும் அஞ்சல் முகவரியைப் போலத்தான் படிக்க வேண்டும், ஊர்ப் பெயர் கடைசியில்தான் வரும். தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கடுத்த முதல் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியாக இருப்பதுதான் அந்தத் தளத்தின் ஊர். முன்னால் உங்கள் வங்கியின் பெயரை எத்தனை முறை எழுதியிருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. இந்த அடையாளங்களெல்லாம் சல்லடையின் முதல் அடுக்கு. இவற்றையும் ஏமாற்றுகிறவர்கள் உண்டு. வாட்ஸ்அப், டெலிகிராமுக்கு இந்த எஸ்எம்எஸ் விதிகள் எதுவும் பொருந்தாது.

யுபிஐ பற்றி ஒரே வரி போதும். பணம் வாங்குவதற்கு ‘பின்’ எண் தேவையே இல்லை. பணம் வர வேண்டிய இடத்தில் ‘பின்’ கேட்கிறது என்றால் உங்கள் பணம் போகப்போகிறது.

அச்சத்துக்கு மசியாதவரை ஆசையால் பிடிக்கிறார்கள். நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் உங்களைச் சேர்த்து, தினமும் லாபக் கணக்கு காட்டுவார்கள். அந்த நூறில் பெரும்பாலோர் அவர்கள் ஆட்களே. போலிச் செயலியில் உங்கள் பத்தாயிரம் இருபதாயிரமாக வளரும். முதலில் கொஞ்சம் எடுக்கவும் விடுவார்கள். பெருந்தொகை போட்டபின் ‘வரி கட்டினால்தான் எடுக்கலாம்’ என்பார்கள். பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவான தரகர்கள் முதலீட்டாளரிடம் பணம் பெறும் யுபிஐ முகவரியில் இப்போது ‘வேலிட்’ என்ற சொல் கட்டாயம் இருக்கும். செபி செக் என்ற வசதியில் சரிபார்க்கவும் முடியும். தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் போடச் சொல்கிற எந்த முதலீடும் முதலீடாக இருக்காது.

என் ஆதார் எண் அவனுக்கு எப்படித் தெரியும்?

ஏமாந்தவர்கள் பலரும் சொல்லும் வாக்கியம் இது: “என் பேரு, அட்ரஸ், ஆதார் எல்லாம் கரெக்டா சொன்னான், அதான் நம்பிட்டேன்.”

நம் விவரம் ஒருவரிடம் இருப்பது அவர் அதிகாரி என்பதற்கு ஆதாரம் ஆகாது. காரணம், அது சந்தையில் கொட்டிக் கிடக்கிறது. 2024-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவன வாடிக்கையாளர்களின் விவரங்கள் டெலிகிராம் சாட்பாட்களில் கிடைத்தன. மூன்று கோடிக்கும் மேற்பட்டோரின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவர் சொல்லிக்கொண்டார். முகவரி, அடையாள அட்டை நகல்களோடு மருத்துவ அறிக்கைகளும் அதில் இருந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, தடையாணை பெற்றது. ஆனால் ஒரு முறை வெளியே போன மருத்துவ அறிக்கையை எந்த ஆணை திரும்பக் கொண்டுவரும்? கடவுச்சொல்லை மாற்றலாம். நம் நோயையும் பிறந்த தேதியையும் கைரேகையையும் மாற்ற முடியாது.

கைரேகை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2018-இல் தெலங்கானாவில் நிலப் பத்திரங்களில் இருந்த கைரேகைகளைப் பிரதியெடுத்து, ரப்பர் ரேகை செய்து, அவற்றை வைத்து சிம் கார்டுகளை இயக்கிய ஒருவர் பிடிபட்டார். ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் வசதியிலும் பின்னர் பல மாநிலங்களில் இதே தந்திரம் நடந்தது. இதற்கு எளிய தடுப்பு இருக்கிறது: ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டி வைக்கலாம். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். ரேஷன் கடையில் ரேகை வைக்க வேண்டிய பெரியவர்களுக்கு மட்டும் இது இடைஞ்சல் தரும். வீட்டுப் பிள்ளைகள் அந்த நேரத்தில் திறந்து கொடுத்து உதவ வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் சிந்தியது போக, நாமே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தும் வருகிறோம். ஜெராக்ஸ் கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு ஆதாரை அனுப்பி, பிரதி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அவர் கணினியில் அது அப்படியே கிடக்கிறது. தி.நகர் துணிக்கடையில் பில் போடும் பெண் “மொபைல் நம்பர் சொல்லுங்க சார்” என்றதும், பின்னால் நிற்கும் பத்துப் பேர் காதில் விழச் சொல்கிறோம். எண் கொடுக்காவிட்டால் பொருள் தரமாட்டேன் என்று கடைகள் சொல்லக் கூடாது என 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை அறிவுறுத்தியிருக்கிறது. “நம்பர் வேண்டாம்மா, பில் மட்டும் போடுங்க” என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. ஆதார் கேட்கும் இடத்தில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுக்கலாம். நகலின் மேல், எழுத்துகளின் குறுக்கே, எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று பேனாவால் எழுதிவிடுங்கள். பழைய தலைமுறை ஆவணங்களில் இதைச் செய்துதான் வந்தது.

நம் பெயரில் எத்தனை சிம் இயங்குகிறது என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நாம் வாங்காத எண் இருந்தால் அங்கேயே ‘இது என்னுடையதல்ல’ என்று குறிக்கலாம். நம் பான் எண்ணில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்பது கிரெடிட் அறிக்கையில் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை இப்போதே போட்டுவிடுங்கள். ‘தெரியாம என் கோட் உனக்கு வந்துடுச்சு, அனுப்பு’ என்று தோழி எண்ணிலிருந்தே செய்தி வந்தாலும் அனுப்பாதீர்கள். அது உங்கள் வாட்ஸ்அப்பின் சாவி.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். அதன் தொடர்ச்சியாகத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வர 2023 ஆனது. விதிகள் வெளியாக 2025 நவம்பர் ஆனது. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதற்கும் மேல் பதினெட்டு மாதம் அவகாசம். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லியாக வேண்டும், தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்பதெல்லாம் வரவேற்க வேண்டியவை. ஆனால் அந்த அபராதம் அரசின் கருவூலத்துக்குப் போகிறது. விவரத்தைப் பறிகொடுத்தவருக்கு இழப்பீடு கேட்க வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை இந்தச் சட்டம் நீக்கவும் செய்கிறது. இது பெரிய அநியாயம். குடிமகனிடம் ‘ஜாக்கிரதையாக இரு’ என்று தினமும் சொல்லும் அரசு, அவன் விவரத்தை அலட்சியமாகச் சிந்தியவரிடமிருந்து அவனுக்கு ஒரு ரூபாயாவது வாங்கித் தர வழி செய்ய வேண்டும்.

மறுமுனையில் இருப்பவர்

நம்மோடு பேசும் குரல் ஜார்க்கண்டின் ஜாம்தாராவிலிருந்து வரலாம், ஹரியானாவின் நூஹ் வட்டாரத்திலிருந்து வரலாம். இப்போது பெரும்பகுதி கம்போடியா, மியான்மர், லாவோஸ் எல்லைகளில் மதில் சூழ்ந்த வளாகங்களிலிருந்து வருகிறது. மியான்மரில் மட்டும் 1,20,000 பேரும் கம்போடியாவில் 1,00,000 பேரும் இப்படிக் கட்டாயப்படுத்தப்பட்டு மோசடி வேலை செய்யக்கூடும் என ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் மதிப்பிட்டது. அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துப் போய் மியான்மரில் அடைத்து வைக்கப்பட்ட இந்தியர்களை மீட்கக் கோரி 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதில் தமிழர்கள் ஐம்பது பேர் இருப்பதாகக் குறிப்பிட்டார். அடுத்த மாதமே முதல் தொகுதியாகச் சிலர் சென்னை வந்து சேர்ந்தார்கள். வெளிநாட்டு வேலை என்று வரும் விளம்பரமும் மோசடிச் செய்தியாக இருக்கலாம் என்பதைக் கல்லூரி முடித்த பிள்ளைகள் இருக்கும் ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளூரிலேயே மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ‘உன் பேங்க் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாளைக்குக் கொடு, கமிஷன் தர்றேன்’ என்று மாணவர்களிடம் கேட்கிறார்கள். திருட்டுப் பணம் முதலில் வந்து இறங்குவது அந்தக் கணக்குகளில். முதலில் கைதாவதும் அந்தக் கணக்கின் சொந்தக்காரர்தான்.

போன பிறகு

பணம் போய்விட்டது என்று தெரிந்த நொடியில் அழைக்க வேண்டிய எண் 1930. இது ஆறுதல் சொல்லும் எண் இல்லை. இதற்குப் பின்னால் வங்கிகளை இணைத்த ஓர் ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் சொல்லும் பரிவர்த்தனை எண்ணை வைத்துப் பணம் எந்த வங்கிக்குப் போனது, அங்கிருந்து எங்கே பிரிந்தது என்று துரத்திப் போய், எடுக்கப்படாமல் மீதமிருப்பதை அங்கேயே முடக்குகிறார்கள். 2021-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டால் 2025 நடுப்பகுதி வரை 5,400 கோடி ரூபாய்க்கும் மேல் காப்பாற்றப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. திருடர்கள் சில நிமிடங்களில் பணத்தைப் பல கணக்குகளாகச் சிதறடித்துவிடுவார்கள் என்பதால் முதல் ஒரு மணி நேரத்தில் அழைப்பதற்கும் மறுநாள் அழைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அந்த ஒரு மணி நேரத்தை நாம்தான் வீணாக்குகிறோம். ஏமாந்த அப்பா உடனே சொல்லமாட்டார். மகன் திட்டுவான், மருமகள் என்ன நினைப்பாள், ஊர் சிரிக்கும் என்று இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். ‘படிச்சவர்தானே, இதுகூடத் தெரியாதா?’ என்று நாம் கேட்டுவந்த கேள்விதான் அவர் வாயைக் கட்டுகிறது. திருடன் சொன்ன ‘யாரிடமும் சொல்லாதே’ என்பதை அவன் போன பிறகும் நம் ஏளனம் தொடர்ந்து நடத்திக்கொடுக்கிறது. பெற்றோருக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்த பிள்ளைகள் இந்த வாரமே அவர்களிடம் சொல்ல வேண்டியது: “யார் போன் பண்ணி என்ன சொன்னாலும், கட் பண்ணிட்டு எனக்கு ஒரு போன் போடுங்கப்பா. ராத்திரி ரெண்டு மணியானாலும் பரவால்ல. பணம் போயிருந்தாலும் திட்டமாட்டேன்.” குரலைப் போலி செய்யும் காலம் வந்துவிட்டதால், ஆபத்து என்று யாராவது பணம் கேட்டால் சொல்ல வேண்டிய ஒரு ரகசியச் சொல்லையும் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளலாம்.

1930-இல் சொன்னதோடு நிற்காமல் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்தாகப் பதியுங்கள். பரிவர்த்தனை எண், நேரம், எதிரியின் எண், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று அடுத்த வாரம் ஒருவர் பேசுவார், கட்டணமும் கேட்பார். அவரும் அதே கூட்டம்.

வங்கியிடம் அதே நாளில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகை எண் வாங்கிக்கொள்ளுங்கள். 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, தவறு வங்கியுடையதும் இல்லாமல் உங்களுடையதும் இல்லாமல் இடையில் நடந்த திருட்டு என்றால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு உங்களுடையது ஆகாது. பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தால் அதுவரை போனது உங்கள் தலையில் விழும். ஆனால் புகார் கொடுத்த நிமிடத்துக்குப் பிறகு போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கியே பொறுப்பு. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய கடமையும் வங்கியுடையதுதான். கிளையில் இதைச் சொல்லமாட்டார்கள், நாம்தான் ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லிக் கேட்க வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. எப்படிப் புகார் கொடுப்பது என்று கேட்க 14448 என்ற இலவச எண் இருக்கிறது.